ஹோம் அசிஸ்டன்ட்: அப்டேட் பட்டனை அழுத்தலாமா, விட்டுவைக்கலாமா?

வீட்டு லைட், மோட்டார், கேமராவை எல்லாம் ஓரிடத்திலிருந்து இயக்கும் மென்பொருள் ஹோம் அசிஸ்டன்ட். அதன் செட்டிங்ஸைத் திறந்தால் மேலேயே ஒரு வரி நிற்கும்: ஹோம் அசிஸ்டன்ட் கோருக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது. உள்ளே போனால் அப்டேட் என்று ஒரு பட்டன், ஸ்கிப் என்று இன்னொன்று. போனில் ஆப் அப்டேட் வந்தால் யோசிக்காமல் அழுத்திப் பழகிய கை இங்கேயும் அழுத்தத்தான் போகும். ஆனால் போனில் ஒரு ஆப் கெட்டால் அது மட்டும்தான் போகும். இது கெட்டால் ஹால் லைட், தண்ணீர் மோட்டார், வாசல் கேமரா எல்லாம் சேர்ந்து படுக்கும், "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று வீட்டில் உள்ள அத்தனை பேரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

அதற்காக அப்டேட் பக்கமே போகாமல் இருப்பதும் சரிவராது, ஏன் என்று கீழே வருகிறது. ராஸ்பெரி பை, ஹோம் அசிஸ்டன்ட் கிரீன் பெட்டி, பழைய மினி பிசி என்று எதிலாவது ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ் போட்டுச் சில மாதங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். டாக்கரில், அதாவது வேறொரு ஓஎஸ்ஸின் மேல் கண்டெய்னராக, ஓட்டுபவர்களுக்கு நடுவில் தனியாக ஒரு பகுதி உண்டு.

முடிவெடுக்கும்போது புதிய பதிப்பில் என்னென்ன வந்திருக்கிறது என்ற பட்டியலைக் கடைசியில் பாருங்கள். என் வீட்டில் இருக்கும் எதை இது தொடுகிறது, கெட்டால் எப்படித் திரும்புவேன், இன்றைக்கு எனக்கு நேரம் இருக்கிறதா, இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் போதும்.

முதலில், எது அப்டேட் கேட்கிறது?

ஒரே மாதிரித் தெரிகிற அறிவிப்புக்குப் பின்னால் ஐந்தாறு வேறு வேறு சங்கதிகள் இருக்கலாம், ஒவ்வொன்றிலும் ஆபத்தின் அளவு வேறு.

கோர் என்பதுதான் உண்மையான ஹோம் அசிஸ்டன்ட், உங்கள் ஆட்டோமேஷன்களும் இன்டகிரேஷன்களும் (ஒவ்வொரு சாதனத்தையும் ஹோம் அசிஸ்டன்ட்டோடு பேசவைக்கும் இணைப்புகள்) ஓடுவது அதற்குள்தான். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி இதைப் பற்றியது. ஓஎஸ் என்பது அதற்கு அடியில் இருக்கும் லினக்ஸ், அது பெட்டியையே ரீபூட் செய்யும். சூப்பர்வைசர் இரண்டுக்கும் நடுவில் மேஸ்திரி வேலை பார்ப்பது, பெரும்பாலும் உங்களைக் கேட்காமல் தானாகவே அப்டேட் ஆகிக்கொள்ளும், அதில் நீங்கள் முடிவெடுக்க அதிகம் ஒன்றும் இல்லை. ஆட்-ஆன்கள் (புதிய பதிப்புகளில் ஆப்ஸ் என்று பெயர்) தனித்தனி மென்பொருள்கள்: ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறைச் சாதனங்களை இணைக்கும் ஜிக்பீ2எம்கியூடிடி, சாதனங்களின் செய்திகளைக் கடத்தும் மஸ்கிட்டோ, சின்ன சிப்புகளுக்கு நாமே ஃபர்ம்வேர் எழுத உதவும் ஈஎஸ்பிஹோம் மாதிரி. இவற்றின் பதிப்பு எண்ணுக்கும் கோரின் எண்ணுக்கும் சம்பந்தம் கிடையாது. அப்புறம் ஹாக்ஸ் என்ற பயனர் சமூகக் கடை வழியாக நீங்களே போட்டுக்கொண்ட கஸ்டம் இன்டகிரேஷன்களும் டேஷ்போர்டு கார்டுகளும்.

கடைசியாக பல்பு, ஸ்விட்ச், சென்சார் இவற்றின் ஃபர்ம்வேர், அதாவது சாதனத்துக்குள்ளேயே ஓடும் மென்பொருள். இதிலும் அப்டேட் என்றுதான் காட்டும். என் கருத்து எளிமையானது: ஒழுங்காக ஓடுகிற பல்பின் ஃபர்ம்வேரைத் தொடாதீர்கள். பல சாதனங்களில் பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்ப வழியே இருக்காது. உங்களுக்கு நிஜமாகவே இருக்கும் ஒரு கோளாறைச் சரி செய்கிறது என்றால் மட்டும் போடுங்கள், பேட்டரி சாதனமாக இருந்தால் புது பேட்டரி போட்டுவிட்டுப் போடுங்கள்.

ஒரே நாளில் ஐந்து அறிவிப்பு வந்திருந்தாலும் ஐந்தையும் ஒன்றாக அழுத்த வேண்டாம். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுவிட்டு ஏதாவது கெட்டால், எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்கவே பாதி ராத்திரி ஆகிவிடும். ஒன்றைப் போடுங்கள், ஒரு நாள் ஓடவிடுங்கள், பிறகு அடுத்தது.

பதிப்பு எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஹோம் அசிஸ்டன்ட்டை பவுலஸ் ஸ்கௌட்சன் 2013-ல் தொடங்கினார். பல வருடங்கள் 0.118 மாதிரியான எண்களில் வந்துகொண்டிருந்தது, 2020 டிசம்பரிலிருந்து ஆண்டையும் மாதத்தையும் வைத்து எண் கொடுக்கிறார்கள். 2025.12.3 என்றால் 2025 டிசம்பர் பதிப்பு, அதில் மூன்றாவது திருத்தம். ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை புதிய பதிப்பு வரும், அதற்கு ஒரு வாரம் முன்னால் பீட்டா என்ற சோதனைப் பதிப்பு. இந்த முறையில் பெரிய மாற்றம், சின்ன மாற்றம் என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஜூனிலிருந்து ஜூலைக்குப் போவது பெரிய விஷயமே இல்லாமல் போகலாம், ஜூலையிலிருந்து ஆகஸ்ட் உங்கள் வீட்டையே புரட்டிப்போடலாம்.

எண்ணிலிருந்து தெரிவது வேறு ஒன்று. கடைசியில் புள்ளி பூஜ்யம் இருந்தால் அது அந்த மாதத்தின் முதல் வெளியீடு, உலகம் முழுக்க உள்ள விதவிதமான வீடுகளில் அது அப்போதுதான் முதல்முறையாக ஓடப்போகிறது. அடுத்த சில நாட்களிலேயே .1, .2 என்று திருத்தங்கள் வரத் தொடங்கும். திருத்தங்களில் புதிய வசதி எதுவும் பொதுவாக இருக்காது, கெட்டதைச் சரிசெய்வது மட்டும்தான். அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது: புள்ளி பூஜ்யத்தைத் தொடாதீர்கள், இரண்டாவது மூன்றாவது திருத்தம் வரும்வரை பொறுங்கள். மாதத்தின் நடுப்பகுதியில் போட்டால் பெரும்பாலான குழப்பங்களை வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்லியிருப்பார்கள். ஏற்கெனவே அதே மாதப் பதிப்பில் இருக்கிறீர்கள், .1-லிருந்து .3-க்குப் போவதுதான் கேள்வி என்றால் ரொம்ப யோசிக்க வேண்டாம், பேக்கப் எடுத்துவிட்டுப் போடுங்கள்.

வீட்டில் எது நின்றால் தாங்காது?

ஒரு தாளை எடுத்து உங்கள் ஆட்டோமேஷன்களை எழுதுங்கள், ஆனால் வரிசை இப்படி இருக்கட்டும்: எது நின்றால் யாருக்கு என்ன ஆகும். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் தானாக எரிகிற லைட் நின்றுபோனால் ஸ்விட்சைத் தட்டிக்கொள்ளலாம், வயதானவர்கள் இருக்கிற வீட்டில் அதுவே வேறு கதை. மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் ஆட்டோமேஷன் நின்றால் தண்ணீர் மாடியிலிருந்து வழியும், அதைவிட மோசம் கீழே சம்ப் வற்றிய பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருப்பது. கதவுப் பூட்டு, கேஸ் கசிவு சென்சார், வெளியூரிலிருந்து பார்க்கிற கேமரா இவையெல்லாம் தாளின் மேலே வரும். டிவி பின்னால் நிறம் மாறுவது மாதிரியானவை கீழே போகட்டும்.

மேலே எழுதிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எந்த இன்டகிரேஷன் வழியாக ஓடுகிறது என்று எழுதுங்கள்: ஜிக்பீயா, வைஃபை வழி கம்பெனி கிளவுடா, ஈஎஸ்பிஹோமா, ஹாக்ஸில் இருந்து எடுத்ததா. இந்தத் தாள்தான் அடுத்த படியில் உங்களுக்குச் சல்லடை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் மாதிரி ஆபத்தானவற்றை ஹோம் அசிஸ்டன்ட்டை மட்டும் நம்பி விடாதீர்கள். ஈஎஸ்பிஹோம் போட்ட கண்ட்ரோலராக இருந்தால் "இத்தனை நிமிடத்துக்கு மேல் ஓடாதே" என்ற விதியை அந்தச் சாதனத்துக்குள்ளேயே எழுதலாம், அல்லது சாதாரண ஃப்ளோட் ஸ்விட்ச் ஒன்றைக் கூடவே வைக்கலாம். அப்படிச் செய்த வீட்டில் அப்டேட் பற்றிய பயம் பாதி குறைந்துவிடும்.

வெளியீட்டுக் குறிப்பில் எதைப் படிப்பது

ஒவ்வொரு மாதமும் வரும் வெளியீட்டுக் குறிப்பு நீளமானது, மேல் பாதி முழுக்கப் படங்களும் புதிய வசதிகளும். அதைக் காபியோடு பிறகு படித்துக்கொள்ளலாம். நேராகக் கீழே இறங்குங்கள். பேக்வர்ட்-இன்கம்பாட்டிபிள் சேஞ்சஸ், அதாவது பின்னோக்கிப் பொருந்தாத மாற்றங்கள், என்ற தலைப்பில் ஒரு பகுதி இருக்கும், முன்பு இதற்கு பிரேக்கிங் சேஞ்சஸ் (உடைக்கும் மாற்றங்கள்) என்று பெயர். இன்டகிரேஷன் பெயர் வாரியாகப் பிரித்திருப்பார்கள். உங்கள் தாளில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக பிரவுசரின் தேடலில் போட்டுப் பாருங்கள். ஒன்றுமே அகப்படவில்லை என்றால் பாதி முடிவு எடுத்தாயிற்று. அகப்பட்டால் அந்தப் பத்தியை மட்டும் நிதானமாகப் படியுங்கள், சென்சாரின் பெயர் மாறுகிறது, அலகு மாறுகிறது, அமைப்புகளை எழுதிவைக்கும் யாமல் கோப்பில் ஒரு வரியை மாற்ற வேண்டும் என்ற மாதிரித்தான் பெரும்பாலும் இருக்கும்.

சில சமயம் அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். இசட்-வேவ் என்ற வயர்லெஸ் முறைச் சாதனங்களுக்கான பழைய இன்டகிரேஷனை 2022.4 பதிப்பில் எடுத்தே விட்டார்கள், அதற்கு ஒரு வருடத்துக்கும் மேலாக முன்பே 2021.2-ல் இசட்-வேவ் ஜேஎஸ் என்ற புதிய வழி வந்துவிட்டிருந்தது. நடுவில் மாறிக்கொண்டவர்களுக்குப் பிரச்சினையில்லை. எதையும் படிக்காமல் பட்டனை மட்டும் அழுத்தி வந்தவர்களுக்கு ஒரு நாள் காலையில் மொத்த ஸ்விட்சும் காணாமல் போயிருக்கும்.

இந்த மாதிரி முன்னறிவிப்புகள் உங்கள் வீட்டுக்கே வந்து சேரும் இடம் ஒன்று உண்டு: செட்டிங்ஸ், சிஸ்டம், அதற்குள் ரிப்பேர்ஸ். இந்தப் பக்கம் 2022.8-ல் வந்தது. நீங்கள் பயன்படுத்தும் ஏதாவது ஒன்று இன்ன பதிப்பில் நீக்கப்படும் என்றால் அங்கே மஞ்சள் அறிவிப்பாக நிற்கும், பொதுவாகச் சில மாதம் அவகாசத்தோடு. அதை மூடிவைத்துவிட்டுப் போகாதீர்கள். ரிப்பேர்ஸ் காலியாக இருந்தால் அப்டேட் போடுங்கள், அங்கே ஏதாவது நின்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், இந்த ஒரு பழக்கமே பல தொல்லைகளைத் தவிர்க்கும்.

டெவலப்பர் டூல்ஸில் கான்ஃபிகரேஷனைச் சரிபார்க்கும் பட்டன் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். அது இப்போது ஓடுகிற பதிப்புக்குத்தான் சரிபார்க்கும். அடுத்த பதிப்பில் உங்கள் யாமல் செல்லுமா என்று அதற்குத் தெரியாது.

ஆட்-ஆன்களுக்கு இதே குறிப்பு தனியாக உண்டு, அதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஜிக்பீ2எம்கியூடிடி 2025 ஜனவரி தொடக்கத்தில் 2.0-க்குத் தாவியபோது, வயர்லெஸ் பட்டனை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் பலர் நம்பியிருந்த பழைய ஆக்‌ஷன் சென்சார்களை இயல்பாகவே அணைத்துவிட்டது. வயர்லெஸ் பட்டன் வேலை செய்யவில்லை என்று கோரின் குறிப்பில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் மாறியது கோர் இல்லை. ஆட்-ஆன்களில் முதல் எண் மாறுகிறது என்றால், 1-லிருந்து 2-க்கு என்ற மாதிரி, அன்றைக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

ஹாக்ஸ் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் வேலை

கோருடன் சேர்ந்து வருகிற இன்டகிரேஷன்களைக் கோரை எழுதுபவர்களே கூடவே மாற்றிவிடுவார்கள். ஹாக்ஸில் இருந்து எடுத்தவை அப்படி இல்லை, யாரோ ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் எழுதிப் போட்டது, அவருக்கு இந்த மாதம் பரீட்சையாக இருக்கலாம், வேலை மாறியிருக்கலாம், அந்தச் சாதனத்தையே விற்றிருக்கலாம். கோர் உள்ளுக்குள் ஏதாவது மாற்றும்போது முதலில் விழுவது இவைதான்.

நம் ஊர் ஃபேன், கீசர், இன்வெர்ட்டர் வகைகளில் பலவற்றுக்கு ஹாக்ஸ் வழிதான் இருக்கிறது என்பதால் இதைத் தவிர்க்கவும் முடியாது. செய்ய வேண்டியது: முக்கியமான ஒவ்வொரு கஸ்டம் இன்டகிரேஷனுக்கும் அதன் நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தின் பக்கத்துக்குப் போய், புகார்கள் பகுதியில் புதிய பதிப்பு எண்ணைத் தேடிப் பாருங்கள். "இந்தப் பதிப்புக்குப் பிறகு லோட் ஆகவில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தால் போதும், நீங்கள் காத்திருக்கலாம். கடைசி மாற்றம் ஒரு வருடத்துக்கு முன் என்றால் அந்த இன்டகிரேஷனுக்கே மாற்று தேட ஆரம்பிக்க வேண்டிய நேரம். இனிமேல் பயன்படுத்தாதவற்றை நீக்கிவிடுங்கள், சும்மா பார்த்துவிட்டு விட்ட பத்து கார்டுகள் உள்ளே கிடப்பதால் லாபம் ஒன்றுமில்லை.

எப்போது காத்திருக்கவே கூடாது

பாதுகாப்பு ஓட்டை என்று அறிவித்தால் மேலே சொன்ன பொறுமையெல்லாம் செல்லாது. 2023 மார்ச்சில் அப்படி ஒன்று வந்தது: சூப்பர்வைசரில் இருந்த ஓட்டை, கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழைய வழி கொடுத்தது, தீவிரத்துக்குப் பத்துக்குப் பத்து. 2017-லிருந்து அது அங்கேயே இருந்திருக்கிறது. திருத்தம் சூப்பர்வைசர் அப்டேட்டாகத் தானாகவே போய்ச் சேர்ந்தது, அதனால்தான் சூப்பர்வைசரின் தானியங்கி அப்டேட்டை நிறுத்த வேண்டாம் என்கிறேன். 2021 ஜனவரியில் வந்தது வேறு மாதிரி, கஸ்டம் இன்டகிரேஷன்கள் சிலவற்றின் வழியாக உள்ளே இருக்கும் கோப்புகளை வெளியாள் படிக்க முடிந்தது, அதற்குக் கோரையும் அந்த இன்டகிரேஷன்களையும் அப்டேட் செய்ய வேண்டியிருந்தது.

உங்கள் ஹோம் அசிஸ்டன்ட் இணையத்தில் நேரடியாகத் திறந்திருக்கிறது என்றால், அதாவது ரவுட்டரில் போர்ட் திறந்து வெளியிலிருந்து பார்க்கிறீர்கள் என்றால், இப்படி அறிவிப்பு வந்த அன்றே போடுங்கள். வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் இருந்தால் ஒரு வாரம் தள்ளலாம், ஒரு வருடம் தள்ள முடியாது.

இன்னொரு சூழல்: சாதனத்தின் கம்பெனி தன் கிளவுடில் எதையோ மாற்றிவிட்டது, பழைய பதிப்பில் அந்தச் சாதனம் பேசவே பேசாது. இங்கே நீங்கள் பழைய பதிப்பிலேயே உட்கார்ந்திருப்பதால் எதுவும் காப்பாற்றப்படாது, திருத்தம் இருக்கிற பதிப்புக்குப் போயாக வேண்டும். திருத்தமே கிடைக்காமலும் போகும். அமெரிக்காவில் கராஜ் கதவுகளுக்குப் பரவலாக இருக்கும் மைக்யூ சாதனங்களுக்கு வெளி மென்பொருள்கள் இணைவதைச் சேம்பர்லின் கம்பெனி தடுத்ததால், 2023.12 பதிப்பில் அந்த இன்டகிரேஷனையே நீக்கிவிட்டார்கள். வாங்கும்போதே கிளவுட் இல்லாமல் ஓடுமா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

போடாமலே இருந்தால்?

"ஓடுகிறதைத் தொடாதே" என்று ஒரு கட்சி இருக்கிறது, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஹோம் அசிஸ்டன்ட்டில் மாதாமாதம் சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும், ஒன்றரை வருடம் விட்டுவிட்டு ஒரே தாவாகத் தாவினால் பதினெட்டு மாதத்துக் குறிப்புகளையும் ஒரே நாளில் படிக்க வேண்டும், அவகாசம் கொடுத்துச் சொன்ன எச்சரிக்கைகள் எதையும் நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். இடைவெளி மூன்று மாதத்துக்குள் இருந்தால் வேலை சுலபம் என்பது என் கணக்கு. மாதாமாதம் தேவையில்லை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடுகிறவர்கள் நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே நீண்ட நாள் விட்டுவிட்டவர்கள் முதலில் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். ரிப்பேர்ஸ் பக்கத்தின் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி சிஸ்டம் தகவலைத் திறந்தால் சிபியு வகை தெரியும். ஆர்ம்வி7 என்றோ ஐ386 என்றோ இருந்தால் நீங்கள் 32 பிட்டில் இருக்கிறீர்கள். 2025 மே மாதம் அறிவித்து, 2025.12-ஓடு அந்த வகைக்கான ஆதரவை முடித்துக்கொண்டார்கள், கோர் மட்டும் பைத்தானில் நேரடியாக நிறுவும் முறைக்கும், சூப்பர்வைஸ்டு என்ற முறைக்கும் அதே கதிதான். ராஸ்பெரி பை 3, 4 இரண்டுமே 64 பிட் தாங்கும், பலர் தெரியாமல் 32 பிட் இமேஜைப் போட்டிருப்பார்கள். அப்டேட் பட்டன் இதை மாற்றாது. பேக்கப் எடுத்து, வேறொரு கார்டில் 64 பிட் இமேஜைப் புதிதாக எழுதி, முதல் திரையிலேயே பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டும். பழைய கார்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், சரிவரவில்லை என்றால் அதையே திரும்பச் சொருகிவிடலாம்.

பேக்கப்: இதை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள்

அப்டேட் பெட்டியிலேயே முதலில் பேக்கப் எடு என்று ஒரு தேர்வு வரும். அதைப் போடுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அந்த பேக்கப் இருப்பது அதே எஸ்டி கார்டில். கார்டே செத்துப்போனால் பேக்கப்பும் கூடவே போகும், நிறைய எழுதிப் படிக்கிற அப்டேட் சமயத்தில்தான் வயசான கார்டுகள் பெரும்பாலும் உயிரை விடும்.

2025.1 பதிப்பிலிருந்து தானியங்கி பேக்கப் உள்ளேயே இருக்கிறது, 2025.2-லிருந்து கூகுள் டிரைவுக்கும் ஒன்டிரைவுக்கும் நேராக அனுப்பலாம். வீட்டில் நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) இருந்தால் அதற்கும் அனுப்பலாம். ஏதாவது ஒன்றை அமையுங்கள். எதுவும் வேண்டாம் என்றால் பேக்கப் கோப்பை லேப்டாப்பில் டவுன்லோட் செய்து வைத்தாலே போதும்.

இந்தத் தானியங்கி பேக்கப்புகள் பூட்டப்பட்டவை. திறக்கும் சாவியை எமர்ஜென்சி கிட் என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பாகக் கொடுப்பார்கள். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று இப்போதே யோசித்துப் பாருங்கள். "ஹோம் அசிஸ்டன்ட்டுக்குள்ளேதான் இருக்கும்" என்றால் பூட்டிய வீட்டுக்குள் சாவியை வைத்த கதைதான். அச்செடுத்துப் பீரோவில் வைப்பீர்களோ, பாஸ்வேர்டு மேனேஜரில் போடுவீர்களோ, பெட்டிக்கு வெளியே ஓரிடத்தில் இருக்கட்டும்.

பேக்கப்பில் ஆட்-ஆன்களும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜிக்பீ2எம்கியூடிடி-யின் தகவல் அதில் இல்லையென்றால், புதிய பெட்டிக்கு மாறும் நாளில் ஒவ்வொரு பல்பையும் ஏணி போட்டு ஏறித் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும். பழைய பதிவுகள் இருக்கும் தரவுத்தளத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், மின்சாரச் செலவுக் கணக்கைப் பல மாதமாகப் பார்த்து வருகிறீர்கள் என்றால் சேருங்கள்.

டாக்கர்காரர்களுக்கு

உங்களிடம் சூப்பர்வைசர் கிடையாது, ஆட்-ஆனும் கிடையாது, அதனால் மேலே சொன்னதில் சில பொருந்தாது. ஸ்டேபிள் என்ற டேகை வைத்துக்கொண்டு, புதிய இமேஜைத் தானாக இழுக்கும் கருவி ஒன்றையும் கூடவே ஓடவிட்டிருந்தால், நீங்கள் தூங்கும்போது உங்கள் வீடு புள்ளி பூஜ்யத்துக்குப் போய்விடும். கம்போஸ் கோப்பில் பதிப்பு எண்ணையே டேகாக எழுதுங்கள். மாற்றும் முன் கண்டெய்னரை நிறுத்திவிட்டு கான்ஃபிக் ஃபோல்டர் முழுவதையும் நகல் எடுங்கள். திரும்ப வேண்டும் என்றால் பழைய எண்ணையும் பழைய ஃபோல்டரையும் சேர்த்தே வையுங்கள், எண்ணை மட்டும் மாற்றினால் போதாது. காரணம் தரவுத்தளம், கீழே வருகிறது.

போடும் நாள்

வெள்ளிக்கிழமை ராத்திரி வேண்டாம், விருந்தாளி வரும் நாள் வேண்டாம், ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் வேண்டவே வேண்டாம். சனிக்கிழமை காலை டிபனுக்குப் பிறகு நல்ல நேரம், கெட்டாலும் வெளிச்சம் இருக்கும், கடை திறந்திருக்கும். பவர் கட் அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள், பெட்டியும் ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் நல்லது. அப்டேட் நடுவில் கரண்ட் போவது எஸ்டி கார்டுக்கு ஆகவே ஆகாது.

அழுத்துவதற்கு முன் இரண்டு நிமிட வேலை. என்டிட்டிகள் (ஒவ்வொரு சென்சாரும் ஸ்விட்சும் இங்கே ஒரு என்டிட்டி) பட்டியலைத் திறந்து, அன்அவெய்லபிள், அதாவது பேசாமல் கிடப்பவை, என்று வடிகட்டி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எல்லா வீட்டிலும் நாலைந்து செத்துக் கிடக்கும், அப்டேட்டுக்குப் பிறகு இதே பட்டியலைப் பார்த்தால் புதிதாக எது செத்தது என்று உடனே தெரியும். அடுத்து ஸ்டோரேஜ் பக்கத்தில் காலி இடம். சில பதிப்புகள் தரவுத்தளத்தின் அமைப்பையே மாற்றும், அதற்கு உங்கள் தரவுத்தளக் கோப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவாவது காலி இடம் வேண்டும். கோப்பின் அளவு அதே சிஸ்டம் தகவல் பக்கத்தில் இருக்கிறது.

இப்போது அழுத்துங்கள். அழுத்திய பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். திரை வெறுமையாக நிற்கும், ஏதோ தொங்கிவிட்டது மாதிரி இருக்கும், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போடலாமா என்று கை பரபரக்கும். பிடுங்காதீர்கள். பெரிய தரவுத்தளமும் மெதுவான கார்டும் சேர்ந்தால் பின்னணியில் அமைப்பு மாற்றம் வெகுநேரம் ஓடும், நடுவில் நிறுத்தினால் பழைய வரலாறு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

எழுந்த பிறகு பிரவுசரை ஒருமுறை முழுதாக ரீஃப்ரெஷ் செய்யுங்கள், பழைய பக்கத்தையே பிரவுசர் காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து டேஷ்போர்டு உடைந்துவிட்டது என்று பயப்படுவது ரொம்ப சகஜம். அப்புறம் அன்அவெய்லபிள் பட்டியல், ரிப்பேர்ஸ், லாக். கடைசியாகத் தாளில் மேலே எழுதியவற்றைக் கையால் ஓட்டிப் பாருங்கள்: மோட்டாரைப் போட்டு நிறுத்துங்கள், பூட்டைத் திறந்து மூடுங்கள். டேஷ்போர்டில் பச்சையாகத் தெரிகிறதே என்று விட்டுவிட வேண்டாம். ஏதோ விசித்திரமாக நடக்கிறது என்றால் ரீஸ்டார்ட் மெனுவில் சேஃப் மோட் இருக்கிறது, அதில் கஸ்டம் இன்டகிரேஷன்களும் கார்டுகளும் இல்லாமல் எழும். அதில் எல்லாம் சரியாக இருந்தால் குற்றவாளி ஹாக்ஸ் பக்கம்தான்.

திரும்பி வருவது

கோர் எழவே இல்லை என்றால் சூப்பர்வைசரே அதைக் கவனித்துப் பழைய பதிப்புக்குத் திருப்பிவிடும். எழுந்துவிட்டு, ஆனால் பாதி வீடு பேசவில்லை என்பது அதற்குத் தெரியாது, அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்டேட்டுக்குச் சற்று முன் எடுத்த பேக்கப்பை மீட்பதுதான் சுத்தமான வழி, பதிப்பும் அமைப்புகளும் ஒன்றாகத் திரும்பிவிடும். டெர்மினலில் கோர் அப்டேட் கட்டளையோடு பழைய எண்ணைக் கொடுத்து இறங்கவும் முடியும், அதே மாதத்துக்குள் ஒரு திருத்தம் கீழே போக இது வசதி. மாதம் தாண்டிக் கீழே போகும்போது தரவுத்தளம் ஏற்கெனவே புதிய அமைப்புக்கு மாறியிருந்தால் பழைய கோர் அதைப் படிக்கத் திணறும், அப்போது பேக்கப்தான் கதி. ஓஎஸ் அப்டேட்டில் கெட்டது என்றால் இது இன்னும் சுலபம்: ஓஎஸ் எப்போதும் இரண்டு இடங்களில் மாறி மாறி எழுதப்படுகிறது, முந்தைய ஓஎஸ் இன்னொரு இடத்தில் அப்படியே இருக்கும், பூட் ஸ்லாட்டை மாற்றினால் போதும்.

திரும்பி வந்துவிட்டீர்கள் என்றால் அந்தப் பதிப்பை ஸ்கிப் செய்துவிடுங்கள், அடுத்த திருத்தம் வந்ததும் மறுபடி கேட்கும். உங்கள் பிரச்சினையைக் கிட்ஹப்பில் லாக் வரிகளோடு எழுதிப் போட்டால் அந்தத் திருத்தம் சீக்கிரம் வரவும் வாய்ப்பு உண்டு.

அம்மா அப்பா வீட்டுப் பெட்டி

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு திருநெல்வேலி வீட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்குக் கணக்கு வேறு. அங்கே கெட்டால் "அந்தச் சின்னப் பெட்டில பச்சை லைட் எரியுதாம்மா?" என்று வீடியோ காலில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் அந்தப் பெட்டிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தவிர வேறு எதையும் தூரத்திலிருந்து போடாதீர்கள். லீவுக்குப் போகும்போது, போன இரண்டாவது நாளே போடுங்கள், கிளம்பும் முந்தின நாள் இல்லை.

தூரத்திலிருந்து போட்டே ஆக வேண்டும் என்றால், உள்ளே போக இரண்டு வழி வைத்துக்கொள்ளுங்கள். ஹோம் அசிஸ்டன்ட்டுக்குக் கட்டணச் சேவை தரும் நாபு காசா கம்பெனியின் கிளவுட் இணைப்பு கோருக்குள் ஓடுவது, கோர் படுத்தால் அதுவும் படுத்துவிடும். வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைய உதவும் டெயில்ஸ்கேல் ஆட்-ஆனும், டெர்மினலைத் திறக்கும் எஸ்எஸ்எச் ஆட்-ஆனும் கோருக்கு வெளியே தனியாக ஓடுகின்றன, கோர் எழாவிட்டாலும் அவற்றின் வழியாக உள்ளே போய் பேக்கப்பை மீட்கலாம். இரண்டையும் போனில் இருந்து ஒருமுறை, வீட்டு வைஃபை இல்லாமல், திறந்து பார்த்துவிட்டுத்தான் அப்டேட்டைத் தொட வேண்டும். ஓஎஸ் அப்டேட் மட்டும் தூரத்திலிருந்து வேண்டாம், பெட்டி ரீபூட் ஆகித் திரும்ப எழாமல் போனால் எந்த ஆட்-ஆனும் உதவாது, யாராவது நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.